பனிக்கு முன் விழித்துக்கொண்ட பழைய இயந்திரம்

என்னைவிட வயதில் மூத்த பனி அகற்றும் இயந்திரம் அது. அதைக் கிளப்பக் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் வலித்ததுதான் மிச்சம். ஸ்பார்க் பிளக்கை மாற்றியும் பலனில்லை. கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றினேன். போன பருவத்துப் பெட்ரோல் பழுப்புப் பிசினாக இறுகி, வார்னிஷ் வாடை அடித்தது. பெட்ரோல் பாயும் ஜெட்டின் ஊசித்துளையை மெல்லிய செம்புக் கம்பியால் குத்தியதும் மறுபக்கம் வெளிச்சம் தெரிந்தது. மூன்றாவது இழுப்பில் உறுமியது.

பெரிய அதிர்ச்சி, பனியை வாரும் திருகில் காத்திருந்தது. கல் சிக்கினால் தான் முறிந்து கியர்பெட்டியைக் காப்பாற்ற வேண்டிய மென்மையான ஷியர் போல்ட்டுக்குப் பதிலாக, கடினமான எஃகு போல்ட்டை முடுக்கிவைத்திருந்தார் எந்தப் புண்ணியவானோ! சரியானதை மாட்டி, திருகு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளாதபடி தண்டுக்கு கிரீஸ் தடவினேன். இனிமேல் பருவம் முடிந்ததும் டேங்கைக் காலி செய்துவிட்டுத்தான் மூடிவைப்பேன்.