கேபின் அப்கிரேடு: பணம் கட்டலாமா, பேசாமல் விட்டுவிடலாமா?

நீங்கள் புக் செய்த உல்லாசக் கப்பல் (க்ரூஸ்) கிளம்ப மூன்று நான்கு வாரம் இருக்கும்போது ஒரு மின்னஞ்சல் வரும். உங்கள் அறையை இன்னும் நல்ல அறையாக மாற்றிக்கொள்ளுங்கள் என்று தலைப்பு, கீழே பால்கனியில் இரண்டு பேர் காபிக் கோப்பையோடு சூரிய உதயம் பார்க்கிற படம். பார்த்தவுடன் கை தானாக கார்டைத் தேடும். என் கையும் தேடியது, கட்டினேன், நன்றாக மாட்டிக்கொண்டேன். அந்தக் கதை நான்காவது படியில் வருகிறது.

இதை முதல்முறை க்ரூஸ் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். ஒரு தாள், உங்கள் புக்கிங் விவரம், உங்கள் கப்பலின் டெக் பிளான், இந்த மூன்றும் கையில் இருந்தால் போதும். டெக் என்றால் கப்பலின் மாடி, டெக் பிளான் என்பது எந்த டெக்கில் எந்த அறை எங்கே இருக்கிறது என்று காட்டும் வரைபடம், கப்பல் நிறுவனத்தின் இணையதளத்திலேயே கிடைக்கும். அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும்.

படி 1: எதிலிருந்து எதற்குத் தாவுகிறீர்கள்?

கடல் கப்பல்களில் பெரும்பாலும் நான்கு வகை அறைகள்தான். ஜன்னலே இல்லாத உள் அறை, திறக்க முடியாத கண்ணாடி ஜன்னல் உள்ள கடல்பக்க அறை, பால்கனி அறை, கடைசியாக சூட் (suite) என்கிற பெரிய சொகுசு அறை. இதற்குள்ளேயே ஒவ்வொரு நிறுவனமும் இருபது முப்பது உட்பிரிவு வைத்து விதவிதமாகப் பெயர் சூட்டியிருக்கும். பெயரை விடுங்கள், அந்தத் தாவலில் உங்களுக்கு என்ன கூடுதலாகக் கிடைக்கிறது என்று ஒரே வரியில் தாளில் எழுதுங்கள்.

உள் அறையிலிருந்து ஜன்னல் அறைக்குப் போனால் கிடைப்பது வெளிச்சம். அறையின் அளவு பல கப்பல்களில் கிட்டத்தட்ட அதேதான். ஜன்னலிலிருந்து பால்கனிக்குப் போனால் வெளிக்காற்றும், உட்கார ஒரு இடமும். உள் அறையை மட்டமாக நினைக்க வேண்டாம், கும்மிருட்டில் தூங்கப் பிடித்தவர்களுக்கு அதைவிட நல்ல அறை கப்பலில் கிடையாது. விடிந்ததா என்று தெரியவில்லையே என்றால், பல கப்பல்களில் அறை டிவியில் முன்பக்கக் கேமரா ஓடும் ஒரு சேனல் இருக்கும், அதைப் போட்டுவிட்டுத் தூங்குங்கள்.

சூட் வேறு ரகம். அங்கே நீங்கள் வாங்குவது அறையைவிட அதோடு வருகிற சலுகைகளைத்தான். நார்வீஜியன் நிறுவனக் கப்பல்களின் 'ஹேவன்', எம்எஸ்சி நிறுவனத்தின் 'யாட் கிளப்' இரண்டும் கப்பலுக்குள் இன்னொரு சின்னக் கப்பல் மாதிரி, அந்த அறைக்காரர்கள் மட்டும் போகக்கூடிய பகுதி. குனார்டு கப்பல்களில் எந்த உணவகத்தில் சாப்பிடுவீர்கள் என்பதையே உங்கள் அறை வகைதான் தீர்மானிக்கும். ஆனால் ஜூனியர் சூட், மினி சூட் என்று வந்தால் ஜாக்கிரதை. பல இடங்களில் அது கொஞ்சம் பெரிய பால்கனி அறை, அவ்வளவுதான், பெரிய சூட்காரர்களுக்குக் கிடைக்கிற தனி உணவகமும் தனி லவுஞ்சும் இதற்குக் கிடையாது.

பால்கனி என்ற சொல்லையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். ராயல் கரீபியன் நிறுவனத்தின் 'ஒயாசிஸ் ஆஃப் தி சீஸ்' 2009-இல் வந்தது. அந்த வகைக் கப்பல்களில் சில பால்கனிகள் கப்பலின் நடுவில் இருக்கும் பூங்காவைப் பார்த்தபடி இருக்கும். செடி கொடி எல்லாம் அழகுதான், ஆனால் நீங்கள் கடலுக்காகத்தானே கட்டினீர்கள்?

படி 2: உண்மையான விலையைக் கண்டுபிடியுங்கள்

மின்னஞ்சலில் 150 என்று போட்டிருக்கும். எந்த நாட்டுப் பணமானாலும் சரி, பக்கத்தில் பொடி எழுத்தில் 'ஒரு நபருக்கு' என்று இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் இருக்கும், ஏனென்றால் க்ரூஸ் விலையெல்லாம் ஒரு அறைக்கு இரண்டு பேர் என்ற கணக்கில்தான் ஓடுகிறது. அப்படியென்றால் 150 இல்லை, 300. தனியாகப் போனாலும் பல நிறுவனங்களில் அந்த 300-ஐ நீங்கள் ஒருவரே கட்ட வேண்டும். சூட்டுக்குப் போகிறீர்களா, தினமும் பிடிக்கிற டிப்ஸ் தொகையும் சாதாரண அறையைவிடக் கூடுதலாக இருக்கலாம், அதையும் தலைக்கு இத்தனை, நாளுக்கு இத்தனை என்று பெருக்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் இதை இரவுகளால் வகுப்பார்கள். 300-ஐ 7 இரவால் வகுத்தால் 43 வரும், அட பரவாயில்லையே என்று தோன்றும். நான் அப்படி வகுப்பதில்லை. தூங்குகிற நேரத்துக்கு எந்த அறையாக இருந்தால் என்ன, கட்டில் கிட்டத்தட்ட அதே கட்டில்தான். விழித்துக்கொண்டு அந்தப் பால்கனியில் எத்தனை மணி நேரம் உட்காரப் போகிறீர்கள், அதுதான் கேள்வி.

ஒரு கணக்குப் போடுவோம். ஏழு இரவுப் பயணம், நான்கு நாள் துறைமுகம், இரண்டு நாள் முழுக்கக் கடல், ஒரு நாள் ஏறுகிற நாள். கடல் நாளில் மூன்று மணி நேரம் உட்காருவீர்கள் என்றால் ஆறு. துறைமுக நாளில் கிளம்புகிற அவசரம், வந்தபின் கால்வலி, போனால் போகிறது என்று முக்கால் மணி நேரம், அது மூன்று. ஏறுகிற நாள் மாலை ஒன்று. மொத்தம் பத்து மணி நேரம், அதாவது மணிக்கு 30. இந்த எண்ணைத் தாளில் பெரிதாக எழுதி வட்டம் போடுங்கள். அதே 300-க்கு ஒரு கரைச் சுற்றுலா போகலாமா, நல்ல உணவகத்தில் இரண்டு முறை சாப்பிடலாமா என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிலருக்கு மணிக்கு 30 மலிவு, சிலருக்குக் கொள்ளை. என் பதில் உங்களுக்குப் பொருந்தாது, ஆனால் மணிக்கணக்கை நேர்மையாகப் போடுங்கள். தினமும் விடியற்காலை ஐந்துக்கு எழுந்து சூரியனைப் பார்ப்பேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள், வீட்டில் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியும்.

படி 3: கப்பல் எந்த வழியாகப் போகிறது?

கப்பல்கள் பொதுவாக இரவில் ஓடி, காலையில் ஊரில் நிற்கும். அதனால் துறைமுகம் துறைமுகமாகப் போகிற மத்தியதரைக்கடல் மாதிரியான பயணத்தில், பகலில் உங்கள் பால்கனிக்கு எதிரே இருப்பது பெரும்பாலும் கன்டெய்னரும் கிரேனும்தான். நீங்களும் அங்கே இருக்க மாட்டீர்கள். ரோம் என்று போட்டிருக்கும் துறைமுகம் உண்மையில் சிவிட்டாவெக்கியா, அங்கிருந்து ரோம் 70 கிலோமீட்டருக்கு மேல், போய்ச் சுற்றிப் பார்த்து வரவே பகல் முழுவதும் ஓடிவிடும்.

அலாஸ்கா, நார்வேயின் ஃபியோர்டுகள் (மலைகளுக்கு நடுவே நுழையும் குறுகிய கடல்வழிகள்), பனாமா கால்வாய் இதெல்லாம் நேர் எதிர். கப்பல் பகலில் கரையை ஒட்டி நகரும், பார்க்க வேண்டியது கப்பலிலிருந்தே தெரியும். இங்கே பால்கனிக்குப் பணம் கட்டுவதை நான் தடுக்க மாட்டேன். எந்தப் பக்கம் அறை எடுப்பது என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் உண்டு. அலாஸ்காவில் பனியாற்றுக்கு (கிளேசியர்) முன்னால் கப்பலை மெதுவாகத் திருப்பி இரண்டு பக்கத்துக்கும் காட்டுவது வழக்கம், அதனால் அதற்காகக் கூடுதல் பணம் வேண்டாம். குளிர் கடலா என்றும் பாருங்கள், காற்று அடிக்கிற அடியில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு எவ்வளவு நேரம் உட்காருவீர்கள் என்பதைப் படி 2-இன் கணக்கில் திருத்திக்கொள்ளுங்கள்.

நதிக் கப்பலில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கரையில் இடமில்லாதபோது கப்பல்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி நிறுத்துவார்கள், அப்போது உங்கள் பால்கனியிலிருந்து தெரிவது நதி அல்ல, அடுத்த கப்பல்காரரின் படுக்கை.

படி 4: அந்த அறை எங்கே இருக்கிறது?

அவசரப்படாமல் செய்ய வேண்டிய படி இது. என் கதை இதுதான். கடல்பக்க ஜன்னல் அறை எடுத்திருந்தேன், கீழ் டெக்கில், கப்பலின் நடுவில். அப்கிரேடு வந்தது, பால்கனி கிடைத்தது என்று குதித்தேன். எந்த அறை என்று பார்க்கவே இல்லை. போய்ப் பார்த்தால் நீச்சல் குளம் இருக்கும் டெக்குக்கு நேர் கீழே, கப்பலின் முன்பகுதியில். விடியற்காலையில் பணியாளர்கள் தலைக்கு மேலே சாய்வு நாற்காலிகளை ஒவ்வொன்றாக இழுத்து வரிசை வைக்கிற சத்தம், கடல் கொஞ்சம் பொங்கிய இரண்டு நாளும் ஊஞ்சல் மாதிரி மேலும் கீழும் ஆட்டம். பால்கனியில் உட்கார்ந்ததைவிட வாந்தி வராமல் இருக்கப் படுத்திருந்த நேரம்தான் அதிகம். பணம் கட்டி மோசமான அறைக்கு மாறினேன், வேறெப்படிச் சொல்வது.

ஏன் அப்படி என்றால், கப்பல் பிள்ளைகள் ஏறி இறங்கி ஆடும் சீசா பலகை மாதிரி. நடுவில் ஆட்டம் குறைவு, இரண்டு நுனியிலும் அதிகம். உயரே போகப் போகப் பக்கவாட்டு ஆட்டமும் கூடும். மலிவான அறைகள் பெரும்பாலும் கீழே இருக்கும், பால்கனிகள் மேலே. ஆக, விலை ஏற ஏற ஆட்டமும் ஏற வாய்ப்பு உண்டு. கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள் இதை மறக்கவே கூடாது.

டெக் பிளானை எடுங்கள். அறை எண் தெரிந்தால் அதற்கு மேல் டெக்கையும் கீழ் டெக்கையும் பாருங்கள். மேலும் கீழும் அறைகளாகவே இருந்தால் சிறப்பு, நடுவில் சாண்ட்விச் மாதிரி அமைதியாக இருக்கும். மேலே நீச்சல் குளம், பஃபே, ஓட்டப்பாதை என்றால் காலைச் சத்தம். கீழே தியேட்டர், டிஸ்கோ என்றால் இரவுச் சத்தம். கடைசிப் பகுதியில் கீழ் டெக் என்றால் எஞ்சின், புரொப்பெல்லர் அதிர்வு. முன்பகுதியில் கீழே என்றால் காலையில் நங்கூரச் சங்கிலி எழுப்பிவிடும். வரைபடத்தில் பெயர் இல்லாத வெள்ளைக் கட்டம் பக்கத்தில் இருந்தால் அது பணியாளர் வேலை செய்யும் இடமாக இருக்கலாம், தள்ளுவண்டிச் சத்தம் வரும்.

அப்புறம், உயிர்காப்புப் படகுகள். அவை தொங்குகிற டெக்கிலும் அதை ஒட்டிய டெக்கிலும் சில அறைகளுக்குக் காட்சி மறைக்கப்பட்டது என்று குறித்திருப்பார்கள். பாதி மறைவா முழு மறைவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முழு மறைவென்றால் ஜன்னல் முழுக்க ஒரு மஞ்சள் படகின் வயிறு.

படி 5: ஏலமா, நேர் விலையா?

அப்கிரேடு இரண்டு விதமாக வரும். ஒன்று, நேர் விலை: இத்தனை கட்டுங்கள், இந்த அறை உங்களுக்கு. எண் தெரியும், படி 4-ஐச் செய்ய முடியும். இன்னொன்று ஏலம், ராயல் கரீபியனில் 'ராயல்அப்', நார்வீஜியனில் 'அப்கிரேடு அட்வான்டேஜ்', செலிப்ரிட்டியில் 'மூவ்அப்' என்று பெயர். நீங்கள் ஒரு தொகை சொல்கிறீர்கள், அறை மிஞ்சினால் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். ஏற்கும்வரை தொகையை மாற்றலாம், விலக்கிக்கொள்ளலாம். ஏற்றுவிட்டால் கார்டிலிருந்து பணம் போய்விடும், திரும்ப வராது. வகையைத்தான் கேட்கிறீர்கள், அறை எண்ணை அவர்கள்தான் தருவார்கள், பிடிக்கவில்லை என்று பழைய அறைக்கு ஓட முடியாது. நான் மாட்டியது இப்படித்தான்.

ஏலம் போடுவதற்கு முன் அந்த வகையில் உள்ள எல்லா அறைகளையும் டெக் பிளானில் பாருங்கள். அதிலேயே மோசமான அறை வந்தாலும் பரவாயில்லை என்று தோன்றினால் மட்டும் போடுங்கள். பக்கத்து அறையில் பிள்ளைகளோ வயதான பெற்றோரோ இருந்தால் ஏலம் வேண்டாம், உங்களை மட்டும் நான்கு டெக் மேலே தூக்கிப் போட்டுவிடுவார்கள். தொகையைப் பொறுத்தவரை, திரையில் ஒரு மீட்டர் முள் பலவீனம், நன்று, வலுவானது என்று ஆடிக்கொண்டிருக்கும். அதைத் திருப்திப்படுத்துவது உங்கள் வேலை இல்லை. இன்றைக்கு அதே வகை அறையைப் புதிதாக எடுத்தால் என்ன விலை என்று பார்த்து, நீங்கள் ஏற்கெனவே கட்டியதைக் கழியுங்கள். அந்த வித்தியாசத்தைத் தொடுகிற அளவுக்கு ஏலம் போனால் போடுவதில் அர்த்தமே இல்லை.

முழுப் பணம் கட்ட வேண்டிய கடைசித் தேதி இன்னும் வரவில்லை என்றால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. பல புக்கிங்குகளில் அதற்கு முன் விலை குறைந்தால் திருத்தித் தரக் கேட்கலாம், சில சமயம் பால்கனி விலையே நீங்கள் கட்டிய ஜன்னல் விலைக்கு இறங்கி வந்திருக்கும். வாரம் ஒருமுறை பார்த்துக்கொண்டே இருங்கள், ஏலத்துக்குக் காத்திருக்க வேண்டாம்.

படி 6: யார் கூட வருகிறார்கள்?

எல்லாக் கணக்கையும் புரட்டிப்போடுவது இது ஒன்றுதான். கைக்குழந்தையோடு போகிறீர்களா? இரவு எட்டு மணிக்குக் குழந்தை தூங்கிவிடும், உள் அறையில் நீங்களும் விளக்கை அணைத்துவிட்டு மூச்சுச் சத்தம் கேட்காமல் படுத்திருக்க வேண்டியதுதான். பால்கனி இருந்தால் கதவை மூடிவிட்டு வெளியே உட்கார்ந்து பேசலாம். படி 2-இல் பத்து என்று வந்த மணிக்கணக்கு இருபதைத் தாண்டிவிடும். நடக்கத் தொடங்கி எதிலும் ஏறிப் பழகிய குழந்தை என்றால் அதே பால்கனிதான் தலைவலி, கதவின் மேல் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், நாற்காலியைக் கைப்பிடிச் சுவர் பக்கம் விடவே கூடாது.

மூடிய அறையில் மூச்சு முட்டுகிறவர்கள், கூட்டம் ஆகாதவர்கள், பகலில் அறையில் படுக்க வேண்டிய உடல்நிலை உள்ளவர்கள், இவர்கள் யாராவது கூட வந்தால் கால்குலேட்டரை மூடி வைத்துவிட்டுக் கட்டுங்கள். காலை முதல் நள்ளிரவு வரை கப்பலைச் சுற்றிக்கொண்டே இருக்கும் நண்பர் கூட்டமா, உள் அறையே தாராளம்.

இதெல்லாம் செய்தும் முடிவு வரவில்லை என்றால் ஏறுகிற நாள்வரை விட்டுவிடலாம். வரவேற்பு மேசையில் காலி அறை இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம், கப்பல் நிரம்பியிருந்தால் இல்லை என்பார்கள், நஷ்டம் ஒன்றுமில்லை. இருந்தால் அறை எண்ணைக் கையோடு கேட்டு, முடிந்தால் ஒரு நடை போய் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டே கார்டை நீட்டுங்கள். பெட்டியைப் பிரித்துத் துணியெல்லாம் அலமாரியில் அடுக்குவதற்கு முன்னால் போய்க் கேளுங்கள்.