குடல், இரைப்பைப் புற்றுக்கு ரத்தக்குழாய் தடுப்பு மருந்து: எங்கெங்கே தவறு நடக்கிறது

ஒரு செல்லுக்கு ஆக்சிஜன் கிடைக்க வேண்டுமென்றால், சுமார் 0.1 முதல் 0.2 மி.மீ. தூரத்துக்குள் ஒரு ரத்தக்குழாய் இருந்தாக வேண்டும். குடலிலோ இரைப்பையிலோ முளைக்கும் புற்றுக்கட்டி 1-2 மி.மீ. அளவைத் தாண்டி வளர, தனக்கென்று புதிய குழாய்களை வரவழைத்துக்கொள்வது இதனால்தான். ஆக்சிஜன் குறைந்த செல்கள் விஇஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரக்கின்றன. பக்கத்திலுள்ள ரத்தக்குழாய்கள் அதை நோக்கிக் கிளை விடுகின்றன. இந்தக் கிளைவிடுதலைத் தடுத்தால் கட்டியை அடக்கலாம் என்று அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் 1971இல் எழுதினார். அந்த வழியில் வந்த பெவசிஸுமாப் ஊசிக்கு, பரவிய பெருங்குடல் புற்றுக்காக 2004இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

“ரத்தம் போகாமல் செய்துவிட்டால் கட்டி பட்டினியில் செத்துவிடும்” என்ற பாதிப் புரிதலிலிருந்துதான் பெரும்பாலான தவறுகள் கிளம்புகின்றன. கட்டிக்குள் உருவாகும் குழாய்கள் கோணல்மாணலானவை, கசிபவை. கசிவால் உள்ளே அழுத்தம் கூடி, கீமோ மருந்து சரியாக இறங்காது. விஇஜிஎஃப்பை அடக்கும்போது சில குழாய்கள் மறைகின்றன. மிச்சமுள்ளவை கொஞ்ச காலத்துக்கு ஒழுங்காகி, கீமோவை உள்ளே விடுகின்றன. புற்றுநோய் ஆய்வாளர் ராகேஷ் ஜெயின் முன்வைத்த விளக்கம் இது. எனவே “கீமோ ஒத்துக்கொள்ளவில்லை, அந்த ஊசியை மட்டும் போடுங்கள்” என்று கேட்பதில் பயனில்லை. பெருங்குடல் புற்றில் பெவசிஸுமாப் தனியாகப் பெரிதாக எதையும் சாதிப்பதில்லை. கீமோவுடன் சேர்த்தபோதுதான் சராசரி ஆயுள் 15.6 மாதத்திலிருந்து 20.3 மாதமாகக் கூடியது.

ஓர் உறுப்பில் பலித்தது இன்னொன்றிலும் பலிக்கும் என்று நம்புவது அடுத்த தவறு. பரவிய இரைப்பைப் புற்றில் பெவசிஸுமாப் சேர்த்த பெரிய ஆய்வில் ஆயுள் கூடியதாக உறுதிப்படவில்லை. அங்கே 2014இல் பலன் காட்டி வந்தது வேறு மருந்து, ரமுசிருமாப். ஆபரேஷனில் கட்டியை முழுதாக எடுத்த பிறகு, நோய் திரும்பாமலிருக்க பெவசிஸுமாப் கொடுத்த பெருங்குடல் புற்று ஆய்வுகளும் கைகொடுக்கவில்லை. கீமோவோடு பெவசிஸுமாப், செடுக்சிமாப் (வேறு வழியில் கட்டியைத் தாக்கும் ஊசி) இரண்டையும் ஒன்றாகக் கொடுத்தபோது நோய் சீக்கிரமே முன்னேறியது. மருந்துகளை அடுக்கிக்கொண்டே போனால் பலனும் அடுக்கடுக்காக வரும் என்ற கணக்கு இங்கே செல்லாது.

உயிருக்கே ஆபத்தாகும் தவறுகள் ஆபரேஷனையொட்டித்தான் நடக்கின்றன. புண் ஆறுவதற்கும் புதிய ரத்தக்குழாய் வேண்டும். உடலில் பெவசிஸுமாப் பாதியாகக் குறையவே சுமார் 20 நாள் ஆகும். ஆகவே திட்டமிட்ட ஆபரேஷனுக்குக் குறைந்தது 28 நாள் முன்பே ஊசியை நிறுத்த வேண்டும். பிறகும் 28 நாள் கழிந்து, தையல் போட்ட இடம் நன்றாக ஆறிய பின்னரே தொடர வேண்டும். குடலிறக்க ஆபரேஷன் செய்பவரிடமும் பல் பிடுங்குபவரிடமும் இந்த ஊசியைப் பற்றிச் சொல்லாமல் விடுவதுதான் வழக்கமாக நேரும் பிழை. குடல் அடைப்புக்கு ஸ்டென்ட் (அடைப்பை விரித்து வைக்கும் வலைக்குழாய்) வைக்க நேர்ந்தால் கட்டாயம் சொல்லுங்கள்: ஸ்டென்ட் இருக்கும் குடலில் இந்த மருந்து ஓட்டை விழும் அபாயத்தைக் கூட்டுகிறது.

குடலில் ஓட்டை விழுவது அரிது. ஆனால் விழுந்தால் சில மணி நேரத்திலேயே நிலைமை மாறிவிடும். கட்டி இன்னும் குடலிலேயே இருப்பவர்களும், வயிற்றில் கதிர்வீச்சு எடுத்தவர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். திடீரென்று வரும் கடுமையான வயிற்றுவலியை “வாயுதான்” என்று வலி மாத்திரை போட்டு ஆற்றிவிடக் கூடாது. மாத்திரை வலியை மறைக்கும், ஓட்டை அப்படியே இருக்கும். அன்றே, அப்போதே அவசரப் பிரிவுக்குப் போய், எந்த ஊசி கடைசியாக எந்தத் தேதியில் போட்டது என்று முதலில் சொல்லுங்கள். நெஞ்சுவலி, ஒரு பக்கம் கைகால் விளங்காமை, பேச்சுக் குழறல் ஆகியவற்றுக்கும் இதே அவசரம்தான். தமனியில் ரத்தம் உறையும் அபாயத்தையும் இந்த மருந்து கூட்டுகிறது.

பிபி ஏறுவது இந்த மருந்துக் குடும்பம் முழுவதற்கும் பொது. ஊசி போடும் நாளில் மட்டும் பார்த்தால் போதாது. வீட்டில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஓய்வெடுத்த பிறகு, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்து எழுதி வையுங்கள். 140/90க்கு மேல் தொடர்ந்தால் டாக்டருக்குத் தெரிய வேண்டும். கடும் தலைவலியோடு பார்வை மங்கினால் காத்திருக்கக் கூடாது. வீட்டில் யாரோ சாப்பிடும் பிபி மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொள்வதும் ஆபத்து: டில்டியாசெம், வெரபமில் போன்ற பிபி மாத்திரைகள், சுனிடினிப் போன்ற ரத்தக்குழாய் தடுப்பு மாத்திரைகளின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும்.

சிறுநீரில் புரதம் வெளியேறுவதை நோயாளியால் உணர முடியாது. சாதாரணப் பரிசோதனைப் பட்டையில் 2+ அல்லது அதற்கு மேல் காட்டினால், 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்து அளப்பார்கள். 2 கிராமோ அதற்கு மேலோ இருந்தால் ஊசி தள்ளிப்போகும். காலையில் முதலில் கழிக்கும் சிறுநீரைக் கொட்டிவிட்டு, அப்போதிருந்து மறுநாள் காலை அதே நேரம் வரை கழிக்கும் அத்தனையையும் பிடிக்க வேண்டும். இடையில் ஒரு தடவை தவறினாலும் அளவு குறைவாகக் காட்டும், ஊசி தவறாகப் போடப்படும்.

ரத்தக்குழாய் தடுப்பு மருந்துகளில் மாத்திரையாக வருவது ரெகோராஃபெனிப். அதன் முழு அளவு தினமும் 160 மி.கி., மூன்று வாரம் சாப்பிட்டு ஒரு வாரம் இடைவெளி. 80 மி.கி.யில் தொடங்கி வாரம் 40 மி.கி. கூட்டுவது பலரும் தாங்கும் வழி. டாக்டர் குறைவாகத் தொடங்கினால் “பாதி மருந்துதான் தருகிறார்” என்று கலங்க வேண்டாம். முதல் சில வாரங்களில் உள்ளங்கை, உள்ளங்கால் சிவந்து உரியத் தொடங்கும்போதே சொல்லிவிட்டால் அளவைச் சரிசெய்து தொடரலாம். நடக்க முடியாத அளவு முற்றவிட்டால் மருந்தையே நிறுத்த வேண்டியதாகும். கொழுப்பு குறைந்த உணவுக்குப் பிறகு, தினமும் ஒரே நேரத்தில் சாப்பிட வேண்டும். மறந்த வேளைக்கும் சேர்த்து ஒரே நாளில் இரட்டிப்பாகப் போடக் கூடாது.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் சென்டிமீட்டரை மட்டும் பார்த்து மனம் உடைபவர்கள் நிறைய. குழாய் வற்றினாலும் கட்டி உடனே சுருங்குவதில்லை. உள்ளே செத்து, சிடி ஸ்கேனில் அடர்த்தி குறைந்து கறுத்துத் தெரியும். ஜிஸ்ட் வகைக் கட்டிகளில் (இரைப்பை, குடல் சுவரில் உருவாகும் ஒரு வகைக் கட்டி) இதற்கென்றே சோய் அளவுகோல் இருக்கிறது: அளவு 10 சதவீதமோ அடர்த்தி 15 சதவீதமோ குறைந்தாலே பலன் என்று அது கணக்கிடுகிறது. எனவே பழைய ஸ்கேன் படங்களையும் கையோடு கொண்டுபோய், அடர்த்தி மாறியிருக்கிறதா என்று கேளுங்கள்.