பக்கத்துத் தெருவைக் கேட்காத பிக்ஸி

இரண்டு டிரான்சிஸ்டர், ஒலியைப் பெருக்கும் ஓர் எல்எம்386 ஐசி, அலைவெண்ணை நிர்ணயிக்கும் ஒரு கிரிஸ்டல். மோர்ஸ் குறியீட்டை அனுப்பவும் கேட்கவும் உதவும் குட்டி ரேடியோவான பிக்ஸி டிரான்ஸீவர் ஏறக்குறைய இவ்வளவுதான். நானும் ஹாம் (அமெச்சூர் ரேடியோ) உரிமம் பெற்ற நண்பரும் ஆளுக்கொன்று செய்தோம். வெகு தொலைவிலிருந்து வரும் மோர்ஸ் தெளிவாகக் கேட்டது. மூன்று தெரு தள்ளி நண்பர் மோர்ஸ் அனுப்பும் கீயை அழுத்தினால் மட்டும் 'டொக்' என்றொரு சத்தம், பிறகு அமைதி. அவருக்கும் அப்படியே.

ஐசியை மாற்றினேன். இருபது மீட்டர் நீள டைபோல் ஆன்டெனாவை இறக்கி அளந்து மறுபடி கட்டினேன். எல்லா இணைப்புகளுக்கும் மறுபடி ஈயப் பற்று வைத்தேன். நான்கு நாள் வீண்.

ஐந்தாம் நாள் நண்பர் கீயை அழுத்தியபடி இருக்க, என் விரல் தற்செயலாகக் கிரிஸ்டலின் உலோகக் கூட்டில் பட்டது. ஹெட்போனில் மெல்லிய உறுமல்! விரலை எடுத்ததும் போய்விட்டது.

விஷயம் அதுதான். இருவரிடமும் 7.023 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். ஒரே கடையில், ஒரே நாளில் வாங்கியவை. இந்த வகை ரிசீவரில் நாம் கேட்கும் ஒலியே, வரும் சிக்னலின் அலைவெண்ணுக்கும் நம் கிரிஸ்டலின் அலைவெண்ணுக்கும் உள்ள வித்தியாசம்தான். வித்தியாசம் இல்லையென்றால் ஒலி எங்கிருந்து வரும்? விரல் பட்டபோது என் அலைவெண் சற்றே நகர்ந்ததால்தான் அந்த உறுமல்.

என் கிரிஸ்டலின் எர்த் பக்கக் காலைக் கழற்றி, 30 பிகோஃபாரட் டிரிம்மரை (திருகி மாற்றக்கூடிய சிறு மின்தேக்கியை) தொடராக இணைத்தேன். அலைவெண் சற்றே ஏறியது. சுமார் 700 ஹெர்ட்ஸ் விசில் வரும்வரை திருப்பினேன். அவருடைய செட்டைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. அதே வித்தியாசம் அவருக்கும் விசிலாகக் கேட்டது.