லோடு ஏற்றும் இடத்திலேயே தொடங்கும் தவறுகள்

வழியில் லாரியை மடக்கி அபராதம் போட்டால், லாரி நடத்தும் நம்மிடமிருந்து முதல் திட்டு டிரைவருக்குத்தான் விழுகிறது. ஆனால் பாதித் தவறு லோடு ஏற்றிய இடத்திலேயே நடந்து முடிந்திருக்கும்.

ஓவர்லோடையே எடுத்துக்கொள்வோம். 2018-ல் எடை வரம்பை உயர்த்தியபோது, பத்துச் சக்கர லாரிக்கு வண்டியும் சரக்கும் சேர்த்து 25 டன் என்றிருந்தது 28.5 டன் ஆனது. சரி, நமக்கும் அதுதானே என்று ஏற்றிவிடக் கூடாது. உங்கள் ஆர்.சி.யில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றில், என்ன எடை இருக்கிறதோ அதுதான் கணக்கு. 28.5 டன் வண்டி எடை மேடையில் 31.5 காட்டினால், 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தின்படி அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன்னுக்கு 2,000 வீதம் இன்னும் 6,000. ஆக 26,000 ரூபாய். கட்டிவிட்டுக் கிளம்பலாம் என்றும் நினைக்காதீர்கள். கூடுதல் சரக்கை இறக்கும்வரை வண்டியை நகரவிடாமல் நிறுத்த அதிகாரம் இருக்கிறது, இறக்குகூலியும் நம் தலையில்தான். எடை போடாமல் தப்பித்து ஓடினால் 40,000.

பணம் போகட்டும். தருமபுரியிலிருந்து சேலம் வரும் வண்டி தொப்பூர் கணவாயில் இறங்கும்போது அந்த மூன்று டன்னும் பிரேக்கில் வந்து உட்காரும். அங்கே பிரேக் பிடிக்காமல் முன்னால் போன வண்டிகளில் மோதிய லாரிகள் எத்தனை! வாடகை பேசும்போது அந்த இறக்கத்தை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

அடுத்தது இ-வே பில், அதாவது சரக்கோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. மின்னணுச் சீட்டு. அதில் வண்டி எண்ணைப் பதிந்ததுமே அது செல்லுபடியாகும் நாள் ஓடத் தொடங்கிவிடும். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள்தான். லாரி கிடங்கு வாசலில் வரிசையில் நிற்கும்போதே எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். இரண்டு நாள் அங்கேயே கரைந்துவிடுகிறது. முடியும் நேரத்துக்கு முன்னும் பின்னும் எட்டு மணி நேரத்துக்குள் நீட்டிக்கலாம் என்பது பல டிரைவர்களுக்குத் தெரியாது, நாமும் சொல்வதில்லை. வண்டி பழுதாகிச் சரக்கை வேறு லாரிக்கு மாற்றினால், புதிய எண்ணைப் பதிந்த பிறகே கிளம்ப வேண்டும். பிடிபட்டால் வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம்.

எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், பர்மிட் தேதிகளைப் போனில் குறித்து வையுங்கள்; அது ஐந்து நிமிட வேலை.

எனக்கு மனசு ஆறாதது கம்பி லோடு விஷயம்தான். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியில் சிவப்புத் துணி கட்டினால் போதும் என்று இன்னமும் சொல்கிறார்கள். ஒரு மீட்டர் வரை நீட்டலாம் என்ற பழைய சலுகையை 2014-லேயே எடுத்துவிட்டார்கள். இப்போது வண்டிக்கு வெளியே சரக்கு நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம். இரவில் அந்தத் துணி கண்ணுக்கே தெரியாது. பின்னால் பைக்கில் வருகிறவருக்கு எதிர் வண்டியின் ஹெட்லைட் கண்ணைக் கூசும், கம்பி நுனி கழுத்து உயரத்தில் இருக்கும். வண்டிக்குள் அடங்காத கம்பியை நீள டிரெய்லருக்கு விட்டுவிடுங்கள். பின்பக்கச் சிவப்பு ஒளிர்பட்டையில் சேறு அப்பியிருந்தால், கிளம்பும் முன் துடைக்கச் சொல்லுங்கள்.