பின்பாரம்: வால் சக்கரக் கிளைடரில் எழும்பவும் இறங்கவும் ஒரு தொடக்கப் பாடம்

மாட்டு வண்டி வைத்திருந்த வீட்டில் பிறந்தவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்ற சொற்களை விளக்க வேண்டியதில்லை. அச்சுக்கு முன்னால் சுமை கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் கூடினால் நுகத்தடி மேலே தூக்கிக்கொள்ளும். திருமங்கலத்துக்கு மேற்கே எங்கள் ஊரில், வைக்கோல் ஏற்றி முடித்ததும் என் தாத்தா நுகத்தடியை ஒரு கையால் தூக்கிப் பார்த்து, பாரம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று அறிந்த பிறகே மாட்டைப் பூட்டுவார். பல ஆண்டுகள் கழித்து, வெளிமாநிலத்தில் கிளைடர் (இயந்திரம் இல்லாமல் பறக்கும் விமானம்) பயிற்சியாளராக நின்று, வால் சக்கரக் கிளைடரை ஒரு புதிய மாணவருக்கு எங்கிருந்து சொல்லத் தொடங்குவது என்று யோசித்தபோது எனக்கு அந்த நுகத்தடிதான் நினைவுக்கு வந்தது.

விடுமுறைக்கு ஊருக்கு வரும்போதெல்லாம், கிளைடர் கற்க வெளியூர் செல்லவிருக்கும் மதுரைக் கல்லூரி மாணவர்கள் சிலர் என்னைத் தேடி வருவார்கள். அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததைத்தான் இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். இதைப் படித்துவிட்டுப் பயிற்சியாளர் இல்லாமல் யாரும் கிளைடரில் ஏறக் கூடாது. உங்கள் கிளைடரின் கையேடு இதற்கு மாறாக ஏதேனும் சொன்னால் கையேட்டின்படியே நடக்க வேண்டும்.

முதல் படி: பாரம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

பெரும்பாலான கிளைடர்களில் உடலின் நடுவே ஒரே ஒரு பெரிய சக்கரம் இருக்கும். அந்தச் சக்கரத்துக்கு முன்னால் எடைமையம் விழுகிறதா, பின்னால் விழுகிறதா என்பதுதான் கேள்வி. 1979-இல் முதன்முதலாகப் பறந்த ஏஎஸ்கே 21 போன்ற இரட்டை இருக்கைப் பயிற்சிக் கிளைடரில் ஆட்கள் ஏறி அமர்ந்ததும் மூக்கு தாழ்ந்து முன் சக்கரம் தரையைத் தொடும், அது முன்பாரம். எல்எஸ்4, டிஸ்கஸ் போன்ற ஒற்றை இருக்கைக் கிளைடர்களில் விமானி அமர்ந்த பின்னரும் வால் தரையிலேயே கிடக்கும், அது பின்பாரம்; வால் சக்கரக் கிளைடர் என்று நான் சொல்வது இதைத்தான். முன்பார வண்டியில் பழகியவர் பின்பார வண்டிக்கு மாறும் நாளில்தான் தவறுகள் அதிகம் நேர்கின்றன.

பின்பாரத்தால் இரண்டு விளைவுகள் வருகின்றன. முதலாவது, தரையில் ஓடும்போது திசை நிலைக்காது. ஆலங்குளம் ஆனாலும் அலங்காநல்லூர் ஆனாலும், கரும்பு ஏற்றும் டிரெய்லரை டிராக்டரில் பின்னோக்கி எடுத்தவரைக் கேட்டுப் பாருங்கள்: முன்னோக்கி இழுக்கும்போது டிரெய்லர் தானாக நேராகிவிடும், பின்னோக்கித் தள்ளும்போது ஒரு விரல் அளவு கோணல் ஒரு நொடியில் முழக் கோணலாகிவிடும். பின்பாரக் கிளைடரில் எடை சக்கரத்தைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வருகிறது. சிறு திருப்பத்தை உடனே திருத்தாவிட்டால் எடை முன்னே வர முயன்று கிளைடரைச் சுழற்றிவிடும். இதற்குக் கிரவுண்ட் லூப் என்று பெயர். வால் சக்கரம் தரையை அழுத்திப் பிடித்திருக்கும்வரை இந்தச் சுழற்சிக்கு ஒரு தடை உண்டு; வால் தூக்கிவிட்டால், காலால் மிதித்துத் திருப்பும் வால் தகடான ரட்டர் ஒன்றுதான் துணை.

இரண்டாவது விளைவு இறங்கும்போது தெரியும். வேகம் மிச்சமிருக்கையில் பெரிய சக்கரம் மட்டும் தரையில் இடித்தால், அதன் பின்னால் இருக்கும் எடை வாலைக் கீழே தள்ளும். வால் தாழ்ந்தால் சிறகு காற்றைச் சந்திக்கும் கோணம் கூடும். கோணம் கூடினால் தூக்குவிசை கூடும். இறங்கிவிட்டோம் என்று எண்ணிய கிளைடர் மீண்டும் மேலே எழும்பிவிடும். முன்பாரக் கிளைடரில் இதே இடி மூக்கைத் தாழ்த்தித் தவறை மறைத்துவிடுகிறது. அதனால்தான், முன் சக்கரக் கிளைடரில் கற்பிக்கும்போதும் முதல் நாளிலிருந்தே வால் சக்கர முறையில் இறங்கப் பழக்க வேண்டும் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். பிறகு மறக்கச் சொல்வதைவிட முதலிலேயே சரியாகச் சொல்வது எளிது.

இரண்டாம் படி: அமர்ந்து, பேசாமல் ஒரு நிமிடம் பாருங்கள்

வால் தரையில் இருக்க, சிறகை ஒருவர் மட்டமாகப் பிடித்திருக்க, இருக்கையில் அமர்ந்து தொடுவானத்தைப் பாருங்கள். மூக்கின் விளிம்பு தொடுவானத்தை எங்கே வெட்டுகிறது, இரு பக்கமும் எவ்வளவு தரை தெரிகிறது என்று மனத்தில் பதியுங்கள். நீங்கள் இறங்கித் தரையைத் தொடும் நொடியில் உங்கள் முன் இருக்க வேண்டிய காட்சி இதுதான். பிறகு, இருவர் வாலை மெதுவாக இடுப்பளவு தூக்கிக் கிளைடரை மட்டமாக்கட்டும். அது ஓட்டத்தின் இடைநிலைக் காட்சி. வாலை ஏற்றியும் இறக்கியும் பத்து முறை செய்து, ஒவ்வொரு முறையும் மாணவரே "ஓடும் நிலை", "தொடும் நிலை" என்று வாய்விட்டுச் சொல்லப் பழக வேண்டும். இந்தப் பயிற்சிக்குச் செலவு எதுவும் இல்லை. இதனால் மிச்சமாகும் பறப்புகள் பல. மெத்தையின் உயரம் மாறினால் காட்சியும் மாறும் என்பதால், தினமும் ஒரே மெத்தையில் அமருங்கள்.

மூன்றாம் படி: புறப்படும் முன்

கையால் இயக்கும் கட்டுப்பாட்டுக் கம்பியான ஸ்டிக்கும் ரட்டரும் தடையின்றி அசைகின்றனவா, எடை வரம்புக்குள் இருக்கிறதா, பட்டைகள் இறுகியுள்ளனவா, கண்ணாடி மூடி பூட்டியுள்ளதா, நீலக் கைப்பிடியை முன்னே தள்ளி ஏர்பிரேக் (சிறகிலிருந்து எழுந்து தூக்குவிசையைக் குறைக்கும் தகடு) பூட்டப்பட்டதா என்ற வழக்கமான சோதனைகளைப் பயிற்சியாளர் வரிசையாகச் சொல்லித் தருவார். வால் சக்கரக் கிளைடருக்கு என்று ஒன்றைத் தனியே அழுத்திச் சொல்ல வேண்டும்: தரையில் நகர்த்துவதற்காக வாலில் மாட்டும் சிறு தள்ளுசக்கரத்தைக் கழற்றிவிட்டார்களா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். அதை மறந்து பறந்தால் எடைமையம் மேலும் பின்னே போய்விடும். காற்றில் கிளைடர் கட்டுக்கடங்காமல் போகலாம்.

நான்காம் படி: எழும்புதல்

கிளைடரைக் கயிறு கட்டி மேலே இழுத்துச் செல்லும் இழுவை விமானம் கயிற்றை இறுக்கியதும் ஸ்டிக்கைப் பின்னே வைத்திருங்கள். வால் சக்கரம் தரையில் பதிந்து திசையைப் பிடித்துக்கொள்ளும். முதல் சில நொடிகளில் காற்றின் வேகம் போதாததால் ரட்டரும், சிறகின் சாய்வைத் திருத்தும் எய்லரானும் சோம்பலாகவே இயங்கும். எனவே கால்களையும் கையையும் தயங்காமல் பெரிதாக அசைக்க வேண்டும், வேகம் கூடக்கூட அசைவைச் சிறிதாக்க வேண்டும். ரட்டருக்கு உயிர் வந்துவிட்டது என்று கால் உணர்ந்ததும் ஸ்டிக்கை மெல்ல முன்னே விட்டு வாலைச் சற்றே உயர்த்தி, பெரிய சக்கரத்தின் மேல் சமநிலையில் ஓட விடுங்கள். இது நீங்கள் மனத்தில் பதித்த "ஓடும் நிலை". அதே நிலையில் பிடித்திருந்தால், நேரம் வரும்போது கிளைடர் தானாகவே தரையை விட்டு எழும்.

இங்கே இரு பக்கமும் தவறலாம். வாலை அவசரப்பட்டுத் தூக்கினால் ரட்டர் விழிக்கும் முன்பே திசைப் பிடிப்பு போய்விடும். அளவுக்கு மீறித் தூக்கினால் அடிவயிறு தரையில் உரசும். கடைசிவரை வாலைத் தரையிலேயே வைத்திருந்தால், குறைந்த வேகத்தில் திடீரென்று துள்ளி எழும்பி இழுவை விமானத்தைவிட உயரே போய்விடும். அப்படி உயரே போன கிளைடர் அந்த விமானத்தின் வாலையும் சேர்த்துத் தூக்கிவிடும் என்பதால், இழுப்பவரின் உயிரும் உங்கள் கையில் இருக்கிறது. எழும்பியதும் ஆள் உயரத்தில் மட்டமாகப் பறந்து, இழுவை விமானம் தரையை விட்டு எழும்வரை காத்திருங்கள்.

ஒரு சிறகு தாழ்ந்து தரையை நெருங்குகிறது, உடனே தூக்க முடியவில்லை என்றால், இடது கை மஞ்சள் குமிழை இழுத்துக் கயிற்றை விடுவிக்க வேண்டும். இதில் யோசனைக்கு இடமில்லை. குமிழின் அருகே கை இல்லாமல் ஓட்டத்தைத் தொடங்கவே கூடாது.

தரையில் நின்று கயிற்றைச் சுருட்டி இழுக்கும் இயந்திரமான வின்ச்சில் ஏறும்போது இழுவிசை எடைமையத்துக்குக் கீழே பிடிப்பதாலும் வேகம் மிக விரைவாகக் கூடுவதாலும் மூக்கு தானாக மேலே போக முனையும். ஆகவே ஸ்டிக்கைப் பின்னே இழுத்து வைக்கும் பழக்கம் அங்கே ஆபத்து. அதைத் தனிப் பாடமாகவே கற்க வேண்டும்.

ஐந்தாம் படி: இறங்கும் பாதை

பயிற்சியில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு இது: சிறகு தூக்குவிசையை இழக்கும் வேகத்தின் 1.3 மடங்கு, அதனுடன் எதிர்க்காற்றின் பாதி. இழப்பு வேகம் மணிக்கு 70 கி.மீ., காற்று 20 கி.மீ. என்றால், 91-உடன் 10 சேர்த்து ஏறக்குறைய 100 கி.மீ. ஏர்பிரேக்கைப் பாதி திறந்து அந்த வேகத்தில் வந்தால், தேவைப்படும்போது கூட்டவும் குறைக்கவும் இடமிருக்கும்.

ஆறாம் படி: தொடாமல் தாமதித்தல்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் மனப்பாடம் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். தரையிலிருந்து ஒரு மாடி வீட்டு உயரத்தில் வந்ததும் பார்வையை இறங்குமிடத்திலிருந்து எடுத்து ஓடுதளத்தின் மறுகோடிக்குக் கொண்டு போங்கள். அருகே பார்த்தால் தரை விரைந்து வருவது போலத் தோன்றிக் கை பதறும். தொலைவில் பார்த்தால் உயரம் குறைவது நிதானமாகத் தெரியும். ஸ்டிக்கை மெல்லப் பின்னே கொண்டு வந்து, தரைக்கு அரை மீட்டர் மேலே கிளைடரை மட்டமாக்குங்கள். இப்போது தரையைத் தொட முயலாதீர்கள். கிளைடர் தரையில் அமர விரும்பும். நீங்கள் ஸ்டிக்கைச் சிறிது சிறிதாகப் பின்னே கொண்டு வந்து அதை அமர விடாமல் தாமதிக்க வேண்டும். வேகம் குறையக் குறைய மூக்கு உயர்ந்து, இரண்டாம் படியில் மனத்தில் பதித்த "தொடும் நிலை" கண்முன் வரும். அந்நேரம் சிறகால் மேலும் தாங்க முடியாமல், பெரிய சக்கரமும் வால் சக்கரமும் ஒன்றாகத் தரையில் அமரும்.

இவ்வளவு பொறுமை எதற்கு என்று மாணவர்கள் கேட்பதுண்டு. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. 75 கி.மீ. வேகத்தில் தொடுவதைவிட 90 கி.மீ. வேகத்தில் தொடும்போது ஆற்றல் 44 விழுக்காடு அதிகம். அவ்வளவையும் தரையில் ஓடும்போது, திசை நிலைக்காத ஒரு வண்டியில் அமர்ந்துகொண்டு கரைக்க வேண்டியிருக்கும்.

துள்ளிவிட்டால் ஸ்டிக்கை முன்னே குத்தாதீர்கள். குத்தினால் கிளைடர் மூக்கால் இறங்கி மேலும் பலமாகத் துள்ளும். நீங்கள் இழுக்க அது எழும்ப, நீங்கள் தள்ள அது விழ, மூன்றாம் துள்ளலில் ஏதாவது முறியும். மூக்கை மட்டமான நிலைக்கு மட்டும் கொண்டு வந்து, திறந்திருந்த ஏர்பிரேக்கைச் சற்றுக் குறைத்து, கிளைடர் தானே தாழ்ந்து வரும்வரை காத்திருந்து, மீண்டும் தாமதிக்கத் தொடங்குங்கள்.

ஏழாம் படி: நிற்கும் வரை ஓட்டுங்கள்

என் தொடக்க காலத்தில் ஒரு நாள் மிக அழகாக இறங்கிவிட்டேன். மகிழ்ச்சியில் கை தளர்ந்தது. ஸ்டிக் நடுவுக்கு வந்தது. வாலின் அழுத்தம் குறைந்தது. பக்கக் காற்று வாலைத் தள்ள, ரட்டரை மிதிக்க நினைப்பதற்குள் கிளைடர் நான் வந்த திசைக்குக் குறுக்கே நின்றது. சேதம் எதுவும் இல்லை என்றாலும் அன்று முழுவதும் என் கால்கள் நடுங்கின. அன்று முதல், தரையைத் தொட்டதும் ஸ்டிக்கை முழுவதும் பின்னே இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொள்ள வேண்டும் என்பதை ஒவ்வொரு மாணவருக்கும் ஒவ்வொரு பறப்பிலும் சொல்லி வருகிறேன். ஏர்பிரேக் திறந்தே இருக்கட்டும். பார்வை தொலைவிலேயே இருக்கட்டும். டிரெய்லர் எடுப்பவர் செய்வது போல, கோணல் கண்ணுக்குத் தெரியும் முன்பே சிறிதாக மிதித்து உடனே விடுங்கள். சக்கரப் பிரேக்கை ஓட்டம் நேரான பிறகே, மெல்லப் பிடியுங்கள்.

பக்கக் காற்றை நம் ஊரை வைத்தே கணக்கிட்டுப் பழகலாம். மதுரை விமான நிலையத்தின் ஓடுதளம் கிழக்கு மேற்காக அமைந்தது. அதன் இரு முனைகளின் எண்கள் 09, 27 (90, 270 பாகைத் திசைகளின் சுருக்கம்). ஆடி மாதத்தில் ஆண்டிபட்டிப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றும் காற்று தென்மேற்கிலிருந்து 20 நாட் (மணிக்கு ஏறக்குறைய 37 கி.மீ.) வேகத்தில் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். மேற்கு நோக்கி இறங்குபவருக்கு அது இடப்பக்கம் 45 பாகைக் கோணத்தில் வரும். பக்கவாட்டுக் கூறு ஏறக்குறைய 14 நாட். பல கிளைடர்களுக்கு அது சிறிய அளவன்று. கையேட்டு வரம்புடன் ஒப்பிடாமல் புறப்படவே கூடாது. நீண்டு தாழ்ந்த சிறகுள்ள கிளைடரில் சிறகை அதிகம் சாய்த்து இறங்க முடியாது. ஆகவே மூக்கைக் காற்றின் பக்கம் சற்றுத் திருப்பி நண்டு போலப் பக்கவாட்டில் வந்து, தொடுவதற்குச் சற்று முன் ரட்டரால் நேராக்கி, காற்று வரும் பக்கச் சிறகை ஒரு சிறிது தாழ்த்திப் பிடிக்க வேண்டும். தொட்ட பிறகும் வாலைக் காற்று தள்ளுவதால் மூக்கு காற்றை நோக்கித் திரும்பப் பார்க்கும். எதிர்ப்பக்கக் கால் விழிப்புடன் இருக்கட்டும்.

கிளைடர் நின்றதும் ஒரு சிறகு மெல்லத் தரையில் சாயும். அது காற்று வரும் பக்கத்துச் சிறகாக இருக்கும்படி ஸ்டிக்கைச் சாய்த்து வைத்திருங்கள். பலமாகக் காற்றடிக்கும் நாளில் உங்கள் எடைதான் கிளைடரைத் தரையோடு பிடித்திருக்கிறது. ஆகவே தளத்திலிருந்து ஒருவர் ஓடி வந்து சிறகைப் பிடித்து "பிடித்துவிட்டேன்" என்று சொல்லும்வரை பட்டையை அவிழ்க்காமல், மூடியைத் திறக்காமல், ஏர்பிரேக்கை மூடாமல் அப்படியே அமர்ந்திருங்கள்.