கொங்கு நாட்டில் சமூகவியல் படிப்பவர்களுக்கு: வகுப்பறையிலிருந்து களம்வரை

கோவையில் 1982 இல் தொடங்கப்பட்ட பாரதியார் பல்கலைக்கழகத்திலும், சேலத்தில் 1997 இல் தொடங்கப்பட்ட பெரியார் பல்கலைக்கழகத்திலும் சமூகவியல் துறைகள் இயங்குகின்றன. அங்கே சேர்கிற மாணவர்களில் பலர் இந்தப் பாடத்தைத் தேடி வந்தவர்கள் அல்லர். வேறு பாடத்தில் பட்டம் முடித்து, கிடைத்த இடத்தில் சேர்ந்தவர்கள், அல்லது குடிமைப் பணித் தேர்வுக்குப் பயன்படும் என்று கேள்விப்பட்டு வந்தவர்கள். வீட்டில் “இதைப் படிச்சா என்ன வேலைங்க கண்ணு கிடைக்கும்?” என்று கேட்பார்கள், பக்கத்து வீட்டார் இதைச் சமூகப்பணிப் படிப்பு என்றே நினைத்துக்கொள்வார்கள். முதல் மாதத்தில் ‘குடும்பம், திருமணம், சாதி எல்லாம் நமக்குத் தெரிந்ததுதானே’ என்று தோன்றும் பாடம், கோட்பாட்டுத் தாள் வந்ததும் திடீரென்று எட்டாத தொலைவுக்குப் போய்விடுகிறது. இந்த இரண்டு உணர்வுகளுக்கும் நடுவில் இரண்டு ஆண்டுகளைக் கழித்துவிட்டு, மனப்பாடம் செய்த வரையறைகளோடு வெளியேறுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. படிக்கிற ஒவ்வொரு கருத்தையும் நீங்கள் அறிந்த ஓர் ஊரின்மீது வைத்துச் சோதியுங்கள். அந்த ஊரில் நீங்களும் ஒரு தரப்பைச் சேர்ந்தவர் என்பதை மறக்காமல் சோதியுங்கள். நான் தரக்கூடிய எல்லா யோசனைகளும் இவ்விரண்டிலிருந்து பிறப்பவையே.

தொடக்கத்துக்கு அமெரிக்கச் சமூகவியலாளர் சி. ரைட் மில்ஸ் 1959 இல் முன்வைத்த வேறுபாடு போதும்: ஒருவருடைய சொந்தத் துன்பம் எங்கே முடிகிறது, சமூகத்தின் பொதுப் பிரச்சினை எங்கே தொடங்குகிறது? தோட்டமும் கிணறும் சொந்த வீடும் உள்ள முப்பத்தைந்து வயது விவசாயிக்குப் பெண் அமையவில்லை என்றால், குடும்பத்தார் ஜாதகத்தைக் குறை சொல்வார்கள், தரகரை மாற்றுவார்கள். ஒரே வட்டாரத்தில் ஊருக்கு ஊர் அப்படிப்பட்டவர்கள் இருக்கும்போது ஜாதகத்தால் அதை விளக்க முடியாது. ஆண் குழந்தையையே விரும்பிய காலத்தின் விளைவு, பெண்கள் படித்து மேலே வந்தது, மாதச் சம்பளக்காரருக்குக் கிடைக்கும் மதிப்பு விவசாயிக்குக் கிடைக்காமல் போனது, சாதிக்குள்ளேயே ஆனால் தன் கூட்டத்துக்கு (குலப் பிரிவுக்கு) வெளியே மணக்க வேண்டும் என்ற விதி தேர்வைக் குறுக்குவது ஆகிய நான்கையும் தனித்தனியே எழுதிப் பாருங்கள். கேரளத்திலிருந்து பெண் எடுக்கும் வழக்கம் சில குடும்பங்களில் வந்திருப்பதையும் சேர்த்துக்கொண்டால், அடுத்த கேள்வி தானாக எழும்: உள்ளூரில் சாதி மாறி மணந்தால் பொறுக்காத உறவினர் கூட்டம், மாநில எல்லைக்கு அப்பால் மட்டும் அந்த விதியை ஏன் தளர்த்திக்கொள்கிறது? இந்தக் கேள்வியை எழுப்பத் தெரிந்தவர் பாடத்துக்குள் வந்துவிட்டார்.

கோட்பாட்டுத் தாளைப் படிக்கும் முறை

தமிழ்வழியில் பள்ளிப்படிப்பை முடித்தவர்களுக்கு ஆங்கிலப் பாடநூல் பெரிய தடையாக நிற்கிறது; அதனால்தான் கடையில் விற்கும் நோட்ஸைத் தேடிப் போகிறார்கள். அந்த நோட்ஸ் தேர்ச்சிக்கு உதவும், சிந்தனைக்கு உதவாது. தனியாக ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் ஆங்கிலச் சொல், தமிழ்ச் சொல், அந்தக் கருத்து எந்தப் புதிரை விடுவிக்க உருவானது என்பதைச் சொல்லும் ஒரு வாக்கியம், உங்கள் ஊரிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு ஆகியவற்றை எழுதி வாருங்கள். இவற்றுள் மூன்றாவதுதான் கடினமானது, மூன்றாவதுதான் முக்கியமானது. பிரெஞ்சுச் சமூகவியலாளர் துர்க்கைம் 1897 இல் தற்கொலையைப் பற்றி எழுதியபோது தனிமனிதரின் மனநிலையை ஆராயவில்லை. ஒரு சமூகத்தில் தற்கொலை விகிதம் ஆண்டுதோறும் ஏறத்தாழ நிலையாக இருப்பதும், மணமாகாதவர்களிடையே அது கூடுதலாக இருப்பதும் ஏன் என்று கேட்டார். கேள்வி புரிந்துவிட்டால், அவர் வகுத்த நான்கு வகைகளையும் உருப்போட வேண்டிய தேவையே இருக்காது.

அடுத்ததாக, ஒரே இடத்தை மூன்று சிந்தனையாளர்களிடம் கொண்டுபோங்கள். திருப்பூர் பனியன் தொழிலைவிடப் பொருத்தமான இடம் இதற்கு இல்லை. நூல் வாங்குவது, நிட்டிங், சாயம், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று ஒரு சட்டை பல கைகளையும் பல கூடங்களையும் கடந்து வருகிறது. ‘ஜாப் ஒர்க்’ எடுத்துச் செய்யும் சிறு பட்டறைகள் அந்தச் சங்கிலியின் கண்ணிகள். வேலைப் பிரிவினை மனிதர்களை ஒருவரையொருவர் சார்ந்திருக்கச் செய்கிறது என்று துர்க்கைம் சொன்னதற்கு, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்ட நிகழ்வு நேரடிச் சான்று: ஒரு கண்ணி நின்றவுடன் முழு ஊரும் தடுமாறியது. அதே நிகழ்வை மார்க்ஸின் வழியில் பார்த்தால், பட்டறை யாருடையது, பீஸ் ரேட்டுக்குத் தைத்தவரின் வருமானம் என்னவாயிற்று, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய சாயக்கழிவால் நிலத்தை இழந்த நொய்யல் கரை விவசாயியின் நட்டம் யார் கணக்கில் எழுதப்பட்டது என்ற கேள்விகள் வரும். மத நெறி உழைப்பை எப்படித் தூண்டியது என்று ஆராய்ந்த ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபரின் வழியில் பார்த்தால், முதலாளி தன் உழைப்புக்கு என்ன பொருள் கற்பிக்கிறார் என்று கேட்க வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ‘கொங்கு மக்கள் கடும் உழைப்பாளிகள், அதனால் முன்னேறினார்கள்’ என்று எழுதிவிட்டு அதற்கு வெபரின் பெயரைச் சூட்டும் விடைத்தாள்கள் ஏராளம். திருப்பூரை ஆராய்ந்து 2004 இல் நூலாக வெளியிட்ட ஷரத் சாரி, உழைத்து உயர்ந்தோம் என்று முதலாளிகள் சொல்லும் கதையையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டார்; வேளாண் குடிகளாக இருந்தவர்கள் தொழிலாளர்களாகி, பிறகு உடைமையாளர்களானதற்குப் பின்னால் நிலமும் சாதி உறவும் எப்படி வேலை செய்தன என்று கேட்டார். மக்கள் தங்களைப் பற்றிச் சொல்லும் விளக்கம் உங்களுக்குக் கிடைத்த தரவு. உங்கள் முடிவு அதற்குப் பிறகு வர வேண்டியது.

இந்தியச் சமூகவியல் தாளிலும் இதே கவனம் வேண்டும். சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் முன்வைத்த சமஸ்கிருதமயமாதல் (அடுக்கில் கீழே உள்ள சாதி மேல்சாதியின் சடங்குகளையும் பழக்கங்களையும் பின்பற்றி உயர முயல்வது), ஆதிக்கச் சாதி ஆகிய கருத்துகள் கர்நாடகத்துக் குடகிலும் மைசூர்ப் பகுதிச் சிற்றூரிலும் அவர் கண்டவற்றிலிருந்து உருவானவை. ஆதிக்கச் சாதி என்ற கருத்து கொங்கு ஊர்களுக்கு நன்றாகவே பொருந்தும்: எண்ணிக்கை, நிலம், அரசியல் வலிமை மூன்றும் ஒரே இடத்தில் சேர்வதை உங்கள் ஊராட்சியிலேயே பார்க்கலாம். சமஸ்கிருதமயமாதல் அவ்வளவு எளிதாகப் பொருந்தாது. கொங்கு வேளாளர் திருமணத்தை மரபாக நடத்தி வைப்பவர் அருமைக்காரர். மங்கல வாழ்த்துப் பாடுபவர் நாவிதர். உங்கள் ஊரில் இன்று அந்தச் சீர்களில் எவை நிற்கின்றன, எவை போயின, ஐயரை எப்போதிலிருந்து அழைக்கிறார்கள் என்று பாட்டியிடம் கேட்டு எழுதினால், அந்தக் கருத்தின் வலிமையும் எல்லையும் ஒருசேரத் தெரியவரும். காங்கயம் பகுதியில் தங்கி ஆராய்ந்து, சாதிகளை இரு அணிகளாகப் பிரித்த பழைய வலங்கை, இடங்கைப் பிரிவுகளைப் பற்றி மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1972 இல் வெளியிட்ட நூலையும் நூலகத்தில் கேட்டு வாங்குங்கள். அரை நூற்றாண்டுக்கு முந்தைய அந்த ஊர்களை இன்றைய ஊர்களோடு ஒப்பிடுவதே ஒரு நல்ல கட்டுரையாகும்.

ஆய்வேட்டுக்குத் தலைப்பு

‘திருப்பூர் பின்னலாடைப் பெண் தொழிலாளர்களின் சமூகப் பொருளாதார நிலை’ என்ற தலைப்பைத் தயவுசெய்து எடுக்காதீர்கள். நூறு பேரிடம் வினாநிரலைக் கொடுத்து, வயது, கல்வி, வருமானம் என்று அட்டவணை போட்டு, ஒவ்வோர் அட்டவணைக்குக் கீழும் அதையே வாக்கியமாக மறுபடி எழுதும் ஆய்வேடுகள் துறை அலமாரிகளில் நிறைய இருக்கின்றன. அதில் கேள்வி இல்லை. இரவு ஷிப்டுக்குப் போகும் தாயின் குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? ஒடிசாவிலிருந்து வந்த தையல்காரருக்கு முதல் வாடகை அறை யார் மூலம் கிடைத்தது? ஒரு குடும்பத்தின் மொய் நோட்டில் எந்தெந்த ஊர், எந்தெந்தச் சாதிப் பெயர்கள் வருகின்றன, இருபது ஆண்டுகளுக்கு முந்தைய நோட்டில் வராத எவர் இன்று வருகிறார்கள்? இத்தகைய சிறிய கேள்வி ஒன்றுக்கு இருபது பேரிடம் ஆழமாகப் பேசிக் கிடைக்கும் விடை, நூறு வினாநிரல்களைவிட உங்களுக்கு அதிகம் கற்றுத்தரும்.

புள்ளிவிவரம் தேவைப்படும்போது 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடுகளைப் பயன்படுத்துங்கள். ஆனால் முந்தைய கணக்கெடுப்போடு ஒப்பிடும் முன் மாவட்ட எல்லைகளைப் பாருங்கள். திருப்பூர் மாவட்டம் 2009 இல்தான் கோவை, ஈரோடு மாவட்டங்களிலிருந்து பிரிந்தது; நாமக்கல் 1997 இல் சேலத்திலிருந்து பிரிந்தது. 2001 இன் கோவையும் 2011 இன் கோவையும் ஒரே நிலப்பரப்பு அல்ல.

களத்தில்

ஓர் ஊருக்குள் நுழைந்ததும் நீங்கள் கேள்வி கேட்பதற்கு முன் உங்களைக் கேள்வி கேட்பார்கள். “எந்த ஊருங்க? யாரு வீட்டுப் புள்ளைங்க?” என்று தொடங்கி, “நீங்க என்ன ஆளுங்க?” அல்லது “எந்தக் கூட்டமுங்க?” என்பதில் போய் முடியும். இதைத் தொல்லையாக எண்ண வேண்டாம். ஆய்வாளரையே அந்த ஊர் தன் அடுக்கில் எங்கே வைக்கிறது என்பது முதல் நாளிலேயே உங்களுக்குக் கிடைக்கும் முதல்தரமான தரவு. பொய் சொல்லாதீர்கள், பின்னால் தெரியவந்தால் உங்களோடு பேசியவர்களுக்கும் சங்கடம். சாதியைச் சொல்ல விருப்பமில்லை என்றால், படிப்புக்காக வந்திருப்பதை மட்டும் பணிவாகச் சொல்லி நிறுத்திக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு.

யார் போகிறார்கள் என்பதைப் பொறுத்துக் கிடைக்கும் பதில் மாறும். கவுண்டர் வீட்டு மாணவர் அருந்ததியர் குடியிருப்புக்குப் போய், “தோட்டத்துக்காரர்கள் உங்களை எப்படி நடத்துகிறார்கள்?” என்று கேட்டால், “நல்லாத்தான் வெச்சுக்கறாங்க சாமி” என்ற பதிலே வரும். பாட்டன் வயதுள்ளவர் இருபது வயது மாணவரைச் ‘சாமி’ என்று அழைப்பதை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் அவரை ‘ஐயா’, ‘அம்மா’ என்றே அழையுங்கள். கருத்தைக் கேட்பதைவிட, நேற்று எத்தனை மணிக்கு வேலைக்குப் போனார், கூலி எப்போது வந்தது, முன்பணம் எவ்வளவு நிற்கிறது, தண்ணீர் எதில் குடித்தார் என்று நடந்ததைக் கேட்டால் உண்மை மெல்ல வெளிவரும். அருந்ததிய மாணவர் ஒருவர் ஊருக்குள் போகும்போது நிலைமை வேறு: திண்ணைக்கு மேல் ஏறச் சொல்வார்களா, எந்த டம்ளரில் தருவார்கள் என்ற கவலையோடு அவர் வினாநிரலைப் பிடித்திருக்க வேண்டியிருக்கிறது. அவரைத் தனியாக அனுப்பக் கூடாது. முன்கூட்டியே பேசி இடத்தையும் துணையையும் உறுதி செய்வது நெறியாளரின் கடமை. அவமதிப்பு நேர்ந்தால் திரும்பி வந்துவிடலாம், நடந்ததை ஆய்வேட்டில் பதிவும் செய்யலாம்.

நூற்பாலை விடுதிகளில் தங்கி வேலை செய்யும் பெண்களைப் பற்றி எழுத விரும்புகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகு மொத்தத் தொகை தரப்படும் என்ற ‘சுமங்கலி’ முறையில் இருக்கும் பெண், உங்களிடம் பேசியது தெரிந்தால் அந்தத் தொகைக்கே ஆபத்து வரலாம். வேலையை முடித்துவிட்டு ஊர் திரும்பிய பெண்களை அவர்கள் வீட்டில் சந்திப்பது பாதுகாப்பானது. படம் எடுக்க வேண்டாம். பெயரை மாற்றினால் மட்டும் போதாது: ஊர், ஆலை, வேலைப் பிரிவு மூன்றையும் சேர்த்துச் சொன்னால் ஆள் யார் என்று உள்ளூரில் எவரும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

குறிப்புகளை அன்றிரவே எழுதுங்கள். கண்டது, கேட்டது, நீங்கள் நினைத்தது மூன்றையும் தனித்தனியே பிரித்து எழுதுங்கள். அவர்கள் பேசிய கொங்குப் பேச்சை ஏட்டுத் தமிழாக்கிவிடாதீர்கள். அதில் உள்ள தயக்கமும் மரியாதையும் மறைந்துபோகும். குறிப்புகளின் நகல் ஒன்று வேறோர் இடத்தில் இருக்கட்டும்: எம்.என். சீனிவாஸ் பல்லாண்டுகளாகச் செம்மைப்படுத்தி வைத்திருந்த களக்குறிப்புகள் 1970 இல் ஸ்டான்ஃபோர்டில் தீயில் எரிந்தன, நினைவிலிருந்தே அவர் தாம் ஆராய்ந்த மைசூர்ப் பகுதிச் சிற்றூரைப் பற்றிய நூலை எழுத வேண்டியதாயிற்று.

வகுப்பில் பேசுவதும் வாய்மொழித் தேர்வும்

2015 இல் கோகுல்ராஜும் 2016 இல் உடுமலைப்பேட்டையில் சங்கரும் சாதி ஆணவத்தால் கொல்லப்பட்ட இந்த மண்ணில், சாதியையும் திருமணத்தையும் பற்றிய வகுப்பு பெரும்பாலும் மௌனத்தில் முடிகிறது. பெஞ்சில் பக்கத்தில் இருப்பவர் யார் என்று தெரியாத அச்சம் எல்லாருக்கும் இருக்கிறது. சக மாணவரின் சாதியைக் குறிப்பிட்டுப் பேசாமல், ஒரு நிறுவனம் எப்படி இயங்குகிறது என்று பேசப் பழகினால் அந்த மௌனம் கொஞ்சம் தளரும். ஆசிரியர் தன் பங்குக்கு, அடிபட்ட தரப்பு மாணவரையே விளக்கம் சொல்ல எழுப்பி நிறுத்தாமல் இருக்க வேண்டும்.

வாய்மொழித் தேர்வில் வருபவை பெரும்பாலும் மூன்று கேள்விகள்: இந்த இடத்தை ஏன் எடுத்தீர்கள், இவர்களை எப்படித் தேர்ந்தீர்கள், உங்கள் முடிவு எந்தக் கருத்தை உறுதிசெய்கிறது அல்லது மறுக்கிறது. முதல் கேள்விக்கு ‘அது என் சொந்த ஊர்’ என்று தயங்காமல் சொல்லுங்கள். சொந்த ஊராக இருந்ததால் எதைப் பார்க்க முடிந்தது, எந்த வீட்டுக்குள் போக முடியாமல் போனது என்று உடனே சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டாவதற்கு, யார் மூலம் யாரிடம் போனீர்கள் என்ற வரிசையை ஒரு தாளில் வரைந்து எடுத்துப் போங்கள். மூன்றாவது கேள்விக்கான விடையைத் தேர்வுக்கு முந்தைய இரவில் தேட முடியாது. கலைச்சொல் நோட்டில் உங்கள் ஊர் எடுத்துக்காட்டுகள் பொருந்தாமல் நின்ற பக்கங்களைப் புரட்டினால், அது ஏற்கெனவே அங்கே எழுதப்பட்டிருக்கும்.