4294967297: ஒரு பெரிய எண்ணைத் தாளில் பிரித்துப் பார்த்தல்

32 இரண்டுகளைப் பெருக்கி 1ஐக் கூட்டினால் 4294967297 கிடைக்கும். 2இன் அடுக்கு 1, 2, 4, 8, 16 என இருக்கும்போது இதே முறையில் வரும் 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தும் பகா எண்களாக அமைந்ததால், அடுத்து வரும் இந்த எண்ணும் பகா எண்ணே என்று 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா நம்பினார். அது தவறு என்பதை 1732இல் சுவிஸ் கணித அறிஞர் ஆய்லர் காட்டினார். கணிப்பொறி இல்லாமல் நாமும் அதைச் செய்து பார்க்கலாம்.

முதலில், காரணி தேட வேண்டிய எல்லையைக் குறித்துக்கொள்ளுங்கள். இதன் வர்க்கமூலம் 65536ஐவிட மிகச் சிறிதளவே கூடுதல். அதற்குள் 6542 பகா எண்கள் உள்ளன. அத்தனையாலும் வகுத்துப் பார்க்க எவருக்கும் பொறுமை இருக்காது.

ஆகவே இரண்டாம் படியில்தான் உண்மையான வேலை இருக்கிறது. ப என்ற பகா எண் இதை மீதியின்றி வகுக்கிறது என்று கொள்வோம். அப்படியானால் 2இன் 32ஆம் அடுக்கை ப-ஆல் வகுக்கும்போது மீதி −1 ஆகும் (அதாவது, 1ஐக் கூட்டினால் மீதியின்றி வகுபடும்). அதை வர்க்கப்படுத்தினால், 64ஆம் அடுக்கில் மீதி 1 ஆகும். 64க்கு முன் எந்த அடுக்கிலும் மீதி 1 வராது என்பதாலும், ப−1ஆம் அடுக்கில் மீதி 1 வந்தே தீரும் என்பது ஃபெர்மாவின் சிறு தேற்றம் என்பதாலும், ப−1 என்பது 64இன் மடங்காக இருக்க வேண்டும். அது 128இன் மடங்காகவே இருக்கும் என்று பிரெஞ்சுக் கணித அறிஞர் லூக்கா 1878இல் இதை மேலும் கூர்மையாக்கினார்.

இனி 128இன் மடங்குகளோடு 1ஐக் கூட்டுங்கள்: 129, 257, 385, 513, 641. இவற்றில் 257, 641 மட்டுமே பகா எண்கள். 257ஆல் வகுத்தால் 2இன் 8ஆம் அடுக்குக்கு மீதி −1, 32ஆம் அடுக்குக்கு மீதி 1. எனவே நம் எண்ணுக்கு மீதி 2 வரும், அது விலகிவிடும். எஞ்சுவது 641.

நீள்வகுத்தல்கூடத் தேவையில்லை. 641 = 5 × 128 + 1; அதுவே 625 + 16உம் ஆகும். முதல் வடிவின்படி 5 × 2⁷க்கு மீதி −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸க்கு மீதி 1. இரண்டாம் வடிவின்படி 5⁴க்குப் பதிலாக −2⁴ஐ இடலாம் என்பதால், −2³²க்கு மீதி 1, அதாவது 2³² + 1க்கு மீதி 0. எண் கோட்பாட்டில் இவ்வளவு சிக்கனமான கணக்கை நான் அதிகம் கண்டதில்லை.

ஈவு 6700417. பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். ஈவும் பகா எண்தானா என்று பார்க்க வேண்டும். அதன் வர்க்கமூலம் 2589க்குள் அடங்குவதால், அதே வடிவிலுள்ள 641, 769, 1153, 1409 ஆகிய நான்கால் மட்டும் வகுத்தால் போதும். மீதிகள் முறையே 44, 120, 334, 622. ஆகவே அதுவும் பகா எண்.

காரணிகள் தெரிந்தபின் மற்றவை எளிது. வகுத்திகள் நான்கு; அவற்றின் கூடுதல் 642 × 6700418 = 4301668356. மேலும் 641 = 25² + 4², 6700417 = 2556² + 409² என்பதால், நம் எண்ணை 65536² + 1² என்று மட்டுமன்றி 62264² + 20449² என்றும் எழுதலாம்.